குளிர் தொடங்கிய கோடு

கிழக்கே பட்டர்வொர்த்துத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளுக்குப் பின்னிருந்து எழுந்த ஞாயிறு, இடைக்கிடந்த நீரிணையின்மேல் பொற்பாயை விரித்து, அக்கரையினின்று புறப்பட்ட படகின் மேற்றளத்தில் நின்றோர் முகங்களைச் சிவப்பித்து, பின் தீவின் கரையேறி, செவ்வோட்டுக் கூரைகளும் கோயிற் கோபுரமும் பள்ளிவாசற் குமிழ்களும் தோளோடு தோள் உரச நின்ற ஜார்ஜ்டவுன் தெருக்களில் இறங்கி, மேற்கே முகில் போர்த்த குன்றின் மார்பில் சென்று படிந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேலேற, கொதிக்கும் குழம்பின் மணமும் ஊதுவத்தியின் புகையும் கடற்காற்றின் உப்போடு கலந்து சந்துகளெங்கும் உலாவ, பாலத்தை நோக்கிய பெருவழியில் ஊர்திகள் எறும்பு நிரைபோல் ஊர்ந்தன. கற்றறிந்தோரே, இத்துணை ஒளி மிகுந்த காலை ஒன்றிலேதான், ஒளியைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியின் கண்ணில் ஒளி குன்றத் தொடங்கிற்று.

சிந்துஜா என்பது அவள் பெயர். யாழ்ப்பாணத்தினின்று எழுத்தர் வேலைக்கு வந்து இத்தீவிலேயே வேரூன்றிய குடியொன்றில் பிறந்து, மருத்துவக் கல்லூரியொன்றில் உடற்கூற்றியல் கற்பித்து வந்த அவளுக்கு அப்போது நாற்பத்தோர் ஆண்டு. கணவன் கஜன், நாள்தோறும் நீரிணையைக் கடந்து தொடர்வண்டி நிலைய அலுவலகத்திற்குச் சென்று மீள்பவன். சொல்லிற் சிக்கனமும் அச்சத்தில் தாராளமும் உடையவன். அன்று அவள் எடுத்துக்கொண்ட பாடம் கண். விழிப்படலத்தைக் கடந்து, வில்லையில் வளைந்து, விழித்திரையில் தலைகீழாய் விழும் உருவை விளக்கி முடித்தவள், "பார்வை நரம்பு மற்ற நரம்புகளைப் போன்றதன்று, கருவறையில் மூளையே நீட்டிய கிளை அது, ஆகவே மூளையும் தண்டுவடமும் போர்த்த அதே மூன்று உறைகளை அதுவும் போர்த்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பலகையில் ஒரு குருதிக்குழாயைச் செந்நிற மையால் வரைந்தாள். நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்க உயர்ந்த இடக்கை ஒரு நொடி இடக்கண்ணை மறைத்தது. அந்நொடியில் அச்சிவப்பு, பன்னாள் வெயிலில் வெளுத்த செங்கல்லின் நிறமாய்த் தோன்றியது. கையை எடுத்தாள், சிவப்பு மீண்டது. மீண்டும் மறைத்தாள், வெளுத்தது. விழியை உருட்டுகையில் குழியின் ஆழத்தில் யாரோ நூலால் இழுப்பதுபோல் ஒரு வலி. முப்பது மாணவர் பார்த்திருக்க, எதைச் சொல்ல வந்தோம் என்பதையே மறந்து நின்றாள்.

கண் மருத்துவர் பார்வை நரம்பு வீங்கியிருப்பதாகக் கூறி, மூன்று நாள் மருந்தேற்றி அனுப்பினார். மாதம் ஒன்று கழிவதற்குள் நிறம் ஏறத்தாழத் திரும்பிற்று. கண்ணின் நோய் கண்ணோடு போயிற்று என்று அவளும் எண்ணினாள். பின்னர் மே மாதத்தில் விக்கல் ஒன்று வந்து பன்னிரண்டு நாள் விடாது அவளை உலுக்கி, உண்டதையெல்லாம் வெளியே தள்ள வைத்தது. இரைப்பை மருத்துவர் அதற்கெனத் தந்த மாத்திரைகளாலோ, தானாகவோ, அதுவும் ஒருநாள் அடங்கிற்று. கண்ணுக்கும் விக்கலுக்கும் என்ன உறவு? எவரும் கேட்கவில்லை. வீட்டின் இருவேறு அறைகளில் இருவேறு நாளில் உடைந்த பொருள்களைப்போல் அவை இரண்டும் தனித்தனியே மறக்கப்பட்டன.

ஆகஸ்டு மாதத்தில்தான் உண்மையான குழப்பம் அவளைச் சூழ்ந்தது. முதலில் மார்பைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோன்ற ஓர் இறுக்கம். மறுநாள், தரையெல்லாம் பஞ்சு விரித்ததுபோல் பாதங்களுக்கு ஒரு மென்மை. மூன்றாம் நாள் கால்கள் தன்னுடையவை அல்ல என்பதுபோல் துவள, அடிவயிறு கல்லாய் உப்பியும் சிறுநீர் இறங்க மறுத்தது. கஜன் அவளை ஏந்திக்கொண்டு தனியார் மருத்துவமனை ஒன்றிற்கு ஓடினான். முதுகெலும்பு அறுவை மருத்துவர், நெடுநேரம் நின்று பாடம் எடுப்பதால் அவளுக்கு ஆண்டுக்கணக்காக இடுப்புவலி உண்டு என்பதைக் கேட்டறிந்து, முதுகின் கீழ்ப்புறத்தைக் காந்தப் படம் எடுத்து, இடுப்பின் நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலான வட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நெருக்குவதைக் கோலால் சுட்டிக் காட்டினார்.

"நாளைக் காலையே அறுவை செய்தாக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப்பை மீளாது" என்றார். அவர் பொய்யர் அல்லர். பொருளாசை கொண்டவரும் அல்லர். படத்தில் வட்டு பிதுங்கித்தான் இருந்தது.

சிந்துஜாவின் உள்ளமோ, எதிரெதிர்க் காற்றுகள் ஒருங்கே வீசும் கடலில் அகப்பட்ட தோணிபோல் திசையிழந்து சுழன்றது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை என்பதை ஆண்டுதோறும் அவளே கற்பித்திருக்கிறாள். சுண்டுவிரற் பருமனும் முழங்கை நீளமும் கொண்ட அம்மெல்லிய வடம், இடுப்பின் முதல் முள்ளெலும்பருகே கூம்பி முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தொங்குபவை குதிரைவால் மயிர்போன்ற நரம்பிழைகளே. அவ்விழைகள் நெருக்கப்பட்டால் கால் தளரும், சிறுநீர் தடைப்படும். அதுவரை மருத்துவர் சொன்னது பொருந்திற்று. ஆனால் மார்பை இறுக்கும் இக்கயிற்றை அங்கிருந்து இழுப்பது யார்? இறுக்கம் அச்சத்தால் வருவது என்று செவிலி சொன்னாள். ஆம், அச்சமும் இருந்ததே! எது நோய், எது அச்சம், எது தான் படித்த படிப்பின் செருக்கு என்று பிரித்தறிய இயலாமல், ஒப்புதற் படிவத்தின்மேல் எழுதுகோலை வைத்தும் எடுத்தும் அவள் தவித்தாள்.

"வைத்தியரே சொல்லிப்போட்டார். நீர் ஏன் இன்னும் தயங்குறீர்?" என்றான் கஜன். மூன்று நாள் மழிக்காத அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"எனக்கே விளங்கேல்லை. மார்பு ஏன் இறுகுது எண்டு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"பயத்தில எனக்கும் இறுகுது, சிந்து. கையெழுத்தைப் போடும்."

அவள் படிவத்தை ஒதுக்கி வைத்தாள். பின் நண்பகல் உணவுத் தட்டிலிருந்த எஃகுக் கரண்டியைப் பனிக்கட்டி நீரில் தோய்த்து அவனிடம் நீட்டி, "நான் கண்ணை மூடிக்கொள்றன். நானே தொட்டால் என்ர மனமே எனக்குப் பொய் சொல்லும். பாதத்தில தொடங்கி மேல வாங்கோ. குளிர்ந்ததும் சொல்றன்" என்றாள். அவன் ஒன்றும் விளங்காமல் கரண்டியை வாங்கினான். அவள் கண்களை மூடினாள். நடைவழியில் மருந்து வண்டி ஒன்று உருண்டு சென்றது. எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"தொடங்குங்கோவன்" என்றாள்.

இன்னும் எங்கும் குளிரவில்லை.

"ஏன் சும்மா நிக்கிறீங்கள்?"

"சிந்து..." என்றான் அவன். "நான் பாதத்தில தொடங்கி இப்ப தொப்புளையும் தாண்டிட்டன்."

மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் அரும்பிற்று. ஆயினும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நிறுத்தாதீங்கோ" என்றாள். விலா ஒவ்வொன்றாய்க் கரண்டி ஏறிற்று. மார்பகத்திற்கு இருவிரற்கடை கீழே, பனியில் தோய்ந்த ஊசியொன்று குத்தியதுபோல் திடுமெனக் குளிர் பாய்ந்தது. "இங்க!" என்று கூவினாள். மறுபுறமும் அதே உயரம். புரண்டு படுத்துப் பார்க்க முதுகிலும் அதே உயரம். அவ்விடத்தே பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னாள். கஜன் அவ்வாறே கோடிட்டான்.

மாலையில் வந்த மருத்துவரிடம் அவள் அக்கோட்டைக் காட்டி, "ஐயா, நீங்கள் காட்டிய வட்டு இங்கே இல்லை" என்று மட்டும் சொன்னாள். அவர் தாமும் குளிர்ந்த கருவியொன்றால் தொட்டுப் பார்த்தார், கால்களைத் தட்டிப் பார்த்தார், பின் சாளரத்தை நோக்கி நின்றவர், "மேற்புறத்தையும் படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. தவறு என்னுடையது" என்றார். ஒரு மணி நேரத்தில் புதிய படம் வந்தது. கழுத்தின் அடியினின்று நடுமார்பு வரை, ஏழு முள்ளெலும்புகளின் உயரத்திற்குத் தண்டுவடத்தின் உள்ளே, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் இழுத்ததுபோல் வெண்மையாய் ஒரு நீள்வடு கிடந்தது. அறுவை கைவிடப்பட்டது.

நரம்பியல் மருத்துவர் ஃபாத்தின் அழைக்கப்பட்டார். முக்காட்டை ஒழுங்குசெய்துகொண்டு கட்டிலின் விளிம்பில் அமர்ந்தவர், படத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், "அக்கா, இந்த ஒரு வருஷத்துல கண்ணு எப்பவாச்சும் மங்குச்சா?" என்று கேட்டார். சிந்துஜா வியந்து தலையசைத்தாள். "நிக்காத விக்கல்?" என்று அடுத்துக் கேட்கவே, அவளுக்குக் குறிகேட்கும் இடத்தில் அமர்ந்திருப்பதுபோல் மயிர் சிலிர்த்தது.

நோய் ஒன்றே. உடலைக் காக்கப் பிறந்த எதிர்ப்பொருளொன்று திசைமாறி, நரம்பிழைகளைப் பேணும் துணை உயிரணுக்களையே பகையென மயங்கித் தாக்கியிருந்தது. பார்வை நரம்பில் ஒருமுறை, மூளைத்தண்டில் விக்கலையும் குமட்டலையும் ஆளும் இடத்தில் ஒருமுறை, தண்டுவடத்தில் இம்முறை. சில நாட்களில் குருதி ஆய்வும் அதனை உறுதிசெய்தது. வீக்கம் தணிக்கும் மருந்தை ஐந்து நாள் ஏற்றினர். குருதியை வெளியே எடுத்து, அதன் நீர்ப்பகுதியை மாற்றி மீளச் செலுத்தும் மருத்துவத்தை ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தனர். அத்துணையும் நடக்கையில் கஜன் குற்றவாளி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தான். கண் மருத்துவரா, இரைப்பை மருத்துவரா, அறுவைக்கு நாள் குறித்தவரா? அவளோ அப்பட்டியலின் தலையில் தன் பெயரையே வைத்தாள். கண், மூளைத்தண்டு, தண்டுவடம் என்ற மூன்று பாடங்களையும் மூன்று வாரங்களில் தனித்தனியே நடத்தியவள் அவளல்லவா?

"கண் மங்கின அன்றே இந்த ஆய்வைச் செய்திருந்தால், என் கால் பிழைத்திருக்குமா?" என்று ஒருநாள் ஃபாத்தினிடம் கேட்டாள்.

"தெரியலக்கா. பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் இருந்திருக்கலாம். பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

தேறுதலாகவும் தண்டனையாகவும் ஒருங்கே ஒலித்த அம்மொழியை எப்படி ஏற்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கால்களில் வலிமை பெரும்பாலும் திரும்பிற்று. ஆனால் பாதம் எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்கு உரைக்கும் அந்த உள்ளுணர்வு திரும்பவில்லை. தண்டுவடத்தின் பின்புற இழைகளில் அச்செய்தி சுமந்தவை பல மாய்ந்துபோயின. கைக்கோலைப் பிடித்து நடை பழக்கிய இயன்முறைப் பயிற்சியாளர் நூர்ஜான், "தரைய பாத்துக்கிட்டே வாங்கக்கா. காலு சொல்லாததக் கண்ணு சொல்லும். கண்ண மட்டும் மூடாதீங்க லா" என்றாள். ஒரு கண்ணுக்கு நிறம் முழுதாய் மீளவில்லை, மறுகண் மட்டுமே முழுமை; அவ்வொரு கண்ணை ஊன்றியே இரு கால்களும் நடந்தன.

வீடு திரும்பிய மறுவாரம், கெலுகோர் பகுதியில் இருந்த தங்கள் அடுக்ககத்தின் குளியலறையில், முகத்தில் வழலை நுரை பூசிக் கண்ணை மூடினாள் அவள். மூடிய அக்கணமே தரை எங்கோ போயிற்று. மேல்கீழ் என்பன இல்லாத வெளியில் உடல் சரியத் தொடங்கிற்று. விழவில்லை. தோளை ஒரு கை பற்றிக்கொண்டது. அலுவலகச் சட்டையின் பொத்தான்களைப் பாதி மாட்டியபடி, சொல்லாமலே அவள் பின்னால் வந்து நின்றிருந்தான் கஜன். ஒவ்வொரு காலையும் அவ்வாறே நின்றிருக்கிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மெல்லக் கழுவும். அவசரமில்லை" என்றான்.

அவள் கண்ணைத் திறக்காமலே முகம் கழுவி முடித்தாள். நம்முள்ளும் நம்மருகிலும் எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது, தாங்கியவை ஒவ்வொன்றாய்த் தளர்ந்த பின்னரே நமக்குத் தெரியவருகிறது. அத்தெளிவு வரும்போது இழந்தவை மீள்வதில்லை. எஞ்சியவற்றின் பெயர்களை மட்டும் நாம் புதிதாய்க் கற்றுக்கொள்கிறோம்.