தண்டனைப் பெட்டியின் கதவு

ஐஸ் ஹொக்கியில் தப்புச் செய்தவனை வெளியே துரத்திவிடுவதில்லை. கண்ணாடி அடைத்த ஒரு பெட்டிக்குள் இரண்டு நிமிடம் உட்கார்த்தி வைப்பார்கள். அவன் அங்கே இருக்கும்வரை அவனுடைய அணி ஓர் ஆள் குறைவாக நின்று மல்லுக்கட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட யாராவது வேண்டும் அல்லவா? ஆக்லாந்து ஹெரன்ஸ் அணிக்கு அந்த ஆள் வசந்தமலர்.

சிரிக்க வேண்டாம். சம்பளத்துக்கு விளையாடும் அணி, டிவியில் காட்டுகிற ஆட்டம் எல்லாம் சரிதான். கதவு திறப்பதற்கும் மணி பார்ப்பதற்கும் சும்மா வந்து நிற்கிற சனம்தான் இன்னமும். மகன் பிருந்தன் சின்னப் பெடியனாகச் சறுக்கத் தொடங்கிய காலத்தில் மற்றத் தாய்மார் சிற்றுண்டிக் கடையில் நிற்கப் போட்டிபோட, கத்தாத மனுசி என்று இவளைப் பெட்டிக்குள் விட்டார்கள். மகன் வளர்ந்து ஹெரன்ஸின் தடுப்பாட்டக்காரன் ஆனான். இவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள். சொந்தப் பிள்ளையின் கதவைத் தாயே பார்ப்பதா என்று ஒரு நடுவர் ஒருமுறை முணுமுணுத்தார். சரி, வேறு ஆள் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள் அணிக்காரர். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

கதவு பார்க்கிறவர் கைதட்டக் கூடாது, உள்ளே இருப்பவனோடு கதைக்கக் கூடாது. பிருந்தன் அதை வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தான்: "பெட்டிக்குள்ள நான் உங்கட மகன் இல்லை அம்மா, ஓகே?" அவளும் ஒருநாள்கூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

அந்த வருசம் சீசன் தொடங்கியபோது ஹெரன்ஸ் மண் கவ்விக்கொண்டே இருந்தது. போன இடமெல்லாம் தோல்வி. பிறகு என்ன மாயமோ, குளிர் கூடக்கூட வெல்லத் தொடங்கினார்கள். வென்ற ஆட்டம் எல்லாவற்றிலும் பிருந்தனின் பெயர் அடிபட்டது. அவனைத் தாண்டி வட்டைக் கொண்டுபோவது லேசில்லை என்று எதிரணியான தெற்குத்தீவுக்காரரே சொன்னார்கள்.

தகப்பன் மகேசனைப் பிடிக்க முடியவில்லை. ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை, கறுப்பு றப்பர் வட்டுத்தான் என்று தெரிந்துகொள்ளவே அவனுக்கு ஆறு வருசம் பிடித்தது. இப்போது பென்ரோசில் தான் வேலைசெய்யும் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வெள்ளைக்காரருக்கே விதி விளங்கப்படுத்துகிறான். கோயிலில் கண்டவர், கடையில் கண்டவர் எல்லாரையும் ஆட்டத்துக்கு அழைத்தான். கிளென் ஈடன் பக்கத்துத் தமிழ்ச் சனம் தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக, ரோல்ஸ் பெட்டியோடு ஐஸ் அரங்கில் வந்து குந்தியது. இறுதியாட்டத்துக்கு ஐரோப்பிய அணி ஒன்றிலிருந்து பிருந்தனைப் பார்க்க ஆள் வருகிறது என்ற கதையும் பரவியது. "கொஞ்சம் அடக்கி வாசியுங்கோ. கண் பட்டிடும்," என்று வசந்தமலர் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்!

ஓகஸ்டில்தான் அது நடந்தது. ஒருவன் பின்னால் வந்து மோத, பிருந்தனின் தலை கண்ணாடியில் இடித்தது. பெட்டிக்குள் நின்றவளுக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது. அவன் எழும்பினான், கையைக் காட்டினான், சனம் ஆர்ப்பரித்தது. அணியின் இயன்மருத்துவர் அன்ரனீற்றா அவனை உள்ளே கூட்டிப்போய் ஞாபகச் சோதனை வைத்தாள். மன்னாரில் பிறந்த பிள்ளை அவள், வேலையில் கண்டிப்பு. ஆனால் அவளையும் ஏமாற்ற வழி இருந்தது.

சீசன் தொடங்கமுன்னமே எல்லாருக்கும் அந்தச் சோதனையை ஒருதரம் வைத்துவிடுவார்கள். அடிபட்ட பிறகு திரும்ப வைத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். பெடியள் என்ன செய்வார்கள் என்றால், முதல் தரமே வேண்டுமென்று பிழையாகச் சொல்லிவைப்பார்கள். பிறகு மண்டை கலங்கினாலும் வித்தியாசம் தெரியாது. ஏப்ரலில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டபடி, தானும் அப்படித்தான் செய்ததாகச் சொல்லிப் பிருந்தன் சிரித்தான். மகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். பொய் சொல்வானேன், வசந்தமலரும் சிரித்தாள்.

மறுநாள் அவள் வேலையால் வந்தபோது அவனுடைய அறை பட்டப்பகலில் இருட்டாகக் கிடந்தது. சத்தியெடுத்த மணம். திரைச்சீலையைத் தொட்டதும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். யாராவது விழுந்து தலை அடிபட்டால் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும், இன்றைக்கு என்ன நாள் என்று கேட்க வேண்டும், உடனே அறிவிக்க வேண்டும். ஊரார் பெற்ற தாய்தகப்பனுக்கு அதை ஒருநாளும் தவறாமல் செய்கிறவள்.

"அன்ரனீற்றாவுக்கு இப்பவே அடிக்கிறன்," என்று போனை எடுத்தாள்.

பிருந்தன் இங்கே பிறந்த பிள்ளை, எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். ஏதும் காரியம் ஆகவேண்டும் என்றால்தான் அவனுக்குத் தமிழ் வரும். "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஃபைனல் மட்டும்தான். பிறகு நானே சொல்லுறன்."

"விசர்க்கதை கதையாதை."

அவன் அவளுடைய கையை இழுத்துத் தன் தலையில் வைத்தான். "சத்தியம் பண்ணுங்கோ."

இந்தப் பழக்கத்தை அவனுக்குப் படிப்பித்தது யார்? இவள்தான். சின்னனில் அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தால், "எங்கே, என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு பாப்பம்," என்பாள். பிள்ளை நடுங்கிப்போய் உண்மையைக் கக்கிவிடும். இப்போது அதே ஆயுதம் அவள் பக்கம் திரும்பி நின்றது. அவன் அழுதான். இருபத்துமூன்று வயது ஆம்பிளை, தலையணையில் முகம் புதைத்து அழுதான். அவளுடைய மனம் இளகிவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்று அந்தத் தலையில் கைவைத்தபடி சொன்னாள். சொன்ன வாய் மூடமுதலே என்ன வேலை பார்த்தோம் என்று விளங்கிவிட்டது.

தலையில் செய்த சத்தியத்தை முறித்தால் கேடு அந்தத் தலைக்குத்தான். வருத்தமும் மருந்தும் தெரிந்த மனுசி இதையெல்லாம் நம்புவாளா என்று கேட்டால், நம்பினாள். அடிபட்ட தலை, அதிலேயே சத்தியம். வாயைத் திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம். மகேசனுக்கும் சொல்லவில்லை.

பயிற்சி நாளொன்றில் அன்ரனீற்றா அவளைத் தனியே பிடித்தாள். "அக்கா, தம்பி வீட்டில எப்பிடி? நித்திரை, சாப்பாடு ஒழுங்கோ? தலையிடி ஏதும்?"

"சீச்சீ. நல்லா இருக்கிறான்."

சொல்லாமல் இருப்பதற்குத்தான் சத்தியம், பொய் சொல்வதற்கு அல்ல. ஆனாலும் பொய் நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது. அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இறுதியாட்டத்தன்று மழை கொட்டியது. அரங்கு நிரம்பி வழிந்தது. கடைசிப் பகுதியில் ஹெரன்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னுக்கு நின்றது. அப்போது பிருந்தன் பலகைச் சுவரோடு இன்னொருவனோடு மோதுண்டான். தலை லேசாகத்தான் பட்டது, யாரும் கவனிக்கவில்லை. எழும்பியவன் எதிராளியின் காலைத் தடியால் இழுத்து விழுத்தினான். நடுவர் கையைத் தூக்கினார்: இரண்டு நிமிடம்.

அவன் சறுக்கி வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தான். வசந்தமலர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முன்னுக்குப் பார்த்தபடி நின்றாள். அதுதான் சட்டம்.

"அம்மா," என்றான் பிருந்தன். தமிழில், மெதுவாக. "இண்டைக்கு ஆரோட விளையாடுறம்?"

அவள் திரும்பினாள். தலைக்கவசத்துக்குள் அவனுடைய ஒரு கண்மணி சின்னதாகவும் மற்றது பெரிதாகவும் இருந்தன. முதியோர் இல்லத்தில் அப்படியொரு கண்ணை அவள் ஒரேயொரு தரம் கண்டிருக்கிறாள். அந்த மனுசன் விடியமுதல் போய்விட்டார்.

எதிர்ப்பக்கம் மகேசன் கதிரையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணி பார்க்கும் கிரெக், ஓய்வுபெற்ற குழாய்வேலைக்காரர், கடிகாரத்திலிருந்து கண் எடுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சத்தியம் இந்தத் தலையில் விழும். சொல்லாவிட்டால் இவன் திரும்ப உள்ளே போவான், இன்னுமொரு இடி, அவ்வளவுதான். நான் பெற்ற பிள்ளையை நானே கதவு திறந்து அனுப்பப் போகிறேனே என்று நினைத்தாள்.

நேரம் முடிந்தது. "டோர், வாஸ்!" என்றார் கிரெக். அவளுடைய பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார்.

வசந்தமலர் தாழ்ப்பாளின்மேல் இரண்டு கையையும் வைத்து, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"வாஸ்! டோர்!"

பிருந்தன் எழும்பினான். கவசமும் சப்பாத்துமாக அவளைவிட ஒரு முழம் உயரம். ஒரு கையால் தள்ளியிருந்தால் அவள் கதவோடு போய்ப் பனியில் விழுந்திருப்பாள். அவன் தள்ளவில்லை. "போகவேண்டாமே?" என்று கேட்டான். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். "சரி," என்று திரும்பவும் உட்கார்ந்தான். அந்தச் "சரி"தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வெளியே ஹெரன்ஸ் ஓர் ஆள் குறைவாகவே நின்று திணறியது. பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். அரங்கு முழுக்க அவளைப் பார்த்து ஊளையிட்டது. வட்டு வலைக்குள் போய்விட்டது. ஆட்டம் சமன். அப்போதும் அவள் அசையவில்லை. நடுவர் வந்து கண்ணாடியில் தட்டினார். அவள் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்ரனீற்றா சாதாரணச் சப்பாத்தோடு பனியில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்தாள். "அக்கா, என்ன? என்ன நடந்தது?"

வசந்தமலர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்து மகனின் தலையில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அன்ரனீற்றா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், அவனுடைய கண்ணைப் பார்த்தாள், பையில் இருந்த டோர்ச்சை எடுத்தாள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

அம்புலன்ஸ் புறப்படும்போது மேலதிக நேரத்தில் ஹெரன்ஸ் தோற்றுப்போன சத்தம் கேட்டது. மகேசன் ஓடிவந்து, "ஏனடி திறக்கேல்லை?" என்று சீறியவன், படுக்கையில் கிடந்த மகனைக் கண்டதும் அவனுடைய காலைப் பிடித்தான். காரில் பின்னால் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

போகும் வழியில் பிருந்தன் கண் திறந்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்டான். "அம்மா, வெண்டமோ?"

"இல்லை ராசா. தோத்திட்டியள். நான் கதவு திறக்கேல்லை."

"என்ர தலையில சத்தியம் பண்ணினீங்கள்."

"ஓம். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை."

அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். காதோரம் கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டான். ஒரு சீசன் முழுக்கப் பட்டபாடு, அவன் கண்ட கனவு, எல்லாம் தன் கையால்தான் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். வெளியே மழை விடவில்லை.

இரண்டு சந்தி தாண்டியதும் அவன் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. சற்றுமுன் கேட்டது எதுவுமே நினைவில் இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி ஆவலாகப் பார்த்தான். "அம்மா, வெண்டமோ?"

ஓம் என்று சொல்லலாம். எப்படியும் மறந்துவிடுவான். அன்ரனீற்றாவுக்குச் சொன்ன பொய்யைப் போல அதுவும் நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது. வசந்தமலர் அதை விழுங்கினாள்.

"இல்லை ராசா," என்றாள். "தோத்திட்டியள். நான் கதவு திறக்கேல்லை."

அவன் முதல்தரம் கேட்பதுபோல முகம் வாடி, மற்றப் பக்கம் திரும்பினான். ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தரமும் அவள் அதையே சொன்னாள்.