ரோசம்மாளின் பக்கம்

"நான் பூட்டா மாசப் புக்குக்கு எந்தப் போட்டோவக் குடுப்ப?"

சபையின் மாத இதழை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோசம்மாள் மகளிடம் இப்படிக் கேட்டாள். பிரின்சி சிரித்துவிட்டாள். "ரேஷன் கார்டு போட்டோவ."

"அடிப்பாவி. அதுல திருடி மாதிரி இருப்பேன்டி. உசுரோட இருக்கசொல்ல எவன் நம்ம பேர அச்சுல போடறான்? அப்பவாச்சும் நல்லதா குடு."

இப்போது அம்மா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். பிரின்சி கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கொஞ்ச நேரத்தில் முகம் மறுபடி மங்கியது.

சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் காலனியில் யார் இறந்தாலும் இதழின் கடைசிப் பக்கத்தில் படம் வரும். வீட்டார் அந்தப் பக்கத்தைக் கிழித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். கல்லறை கட்ட முடியாதவர்களுக்கு அதுதான் கல்லறை. போன கிறிஸ்துமஸோடு அச்சு நின்றுவிட்டது. இனிமேல் செல்போனில்தான் என்றார்கள். அதன் பிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு ரோசம்மாள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிவருவாள்.

பிரின்சி பத்தாவதோடு நின்றவள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். காலண்டர் தாளின் பின்புறம் அம்மாவைப் பற்றி ஆறு வரி எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு ஜெரால்டிடம் போனாள். இதழை நடத்துபவன் அவன்தான்.

"அண்ணா, ஒரே ஒரு தபா பேப்பர்ல போடேன். அம்மாவுக்கு மட்டும்."

"இன்னா பிரின்சி, வெவரம் புரியாம பேசற? பிரஸ்காரனே இப்ப பேனர் அடிச்சிக்கினு இருக்கான். குரூப்புல போட்டாச்சு பாரு. துபாய்ல இருக்கறவன்லாம் பாத்துட்டான்."

"இத எழுதினேன்ணா."

"எவ்ளோ நீளம்! எவன் படிப்பான்? ஆர்ஐபின்னு போட்டுட்டேன், போதும்."

அவள் தாளைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். "நைனாவுக்காச்சும் காட்டு."

ஜெரால்ட் அவள் அப்பா சுப்பராயனிடம் செல்போனை நீட்டினான். "சித்தப்பா, சித்தி படம் பாரு."

விடிந்ததிலிருந்து பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்த சுப்பராயன், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கு அடியில் விரல் வைத்தால்தான் அவருக்குப் படிக்க வரும். மனைவியின் பேருக்கு அடியில் விரலை வைத்தார்.

"ரோ..."

படம் நழுவி மேலே ஓடியது. கீழிருந்து யாருக்கோ பிறந்தநாள் கேக் வந்தது. அதற்கும் கீழே, கம்பெனிக்கு ஹெல்பர் தேவை என்றிருந்தது.

"தொடாத சித்தப்பா, ஓடிப் பூடும்." ஜெரால்ட் படத்தை இழுத்துக் கொடுத்தான். சுப்பராயனின் விரல் மறுபடி பட்டது. மறுபடி கேக்.

"பெட்டி வந்துடுச்சி, ஆம்பளைங்க எழுந்திருங்க," என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள்.

சுப்பராயன் செல்போனை ஜெரால்டின் உள்ளங்கையில் வைத்தார். பிரின்சி, "நைனா," என்றாள். அவர் திரும்பவில்லை. செருப்பைத் தேடாமல், எழுந்துகொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு, உள்ளே வரும் சவப்பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு வெளியே இறங்கித் தெருவோடு நடந்து போனார்.