பரவாயில்லை கலந்த சுவர்

நேற்றைவிட இன்று சமையலறை ஒரு விரற்கடை சின்னதாக இருக்கிறது, இதைச் சொன்னால் இவர்கள் என்னைத்தான் அளந்து பார்ப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தது சரிதான். கட்டிக்கொண்டிருந்த அந்த வீடு உண்மையாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. அஸ்திவாரம் போட்டபோது தாராளமாக இருந்த கூடம் சுவர் எழும்பியபோது சுமாராகி, ஜன்னல் மட்டத்துக்கு மேலே போனபோது விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் எழுந்து நிற்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. பாதி கட்டிய வீடு சின்னதாகத்தான் தெரியும், சாமான் போட்டால் பெரிதாகிவிடும் என்றான் கணவன். கட்டுகிறவர் அவனுடைய தாய்மாமா. அவரிடம் டேப்பை நீட்டுவதும் அவர் மீசையை அளக்கிறேன் என்பதும் ஒன்று.

அதனால் அவள் வெளியிலிருந்து ஒரு கட்டிடப் பரிசோதகரை அமர்த்தினாள். எங்கள் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே அவள் கேட்டது. வந்தவள் ஐம்பதைத் தாண்டிய பொறியாளர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் குட்டிச் சுத்தியல், வாயில் ஓயாத பேச்சு.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏம்மா, வீட்டுக்குள்ளயே போலீஸா?”

“டாக்டர்னு வச்சுக்குங்க சார். ஊசி போடமாட்டேன், தட்டி மட்டும் பார்ப்பேன்” என்றாள் பரிசோதகர்.

தட்டினாள். சுவரில் காதை வைத்தாள். காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்: “உங்க சுவர்ல பரவாயில்லை கலந்திருக்கு.”

ஈரக் கலவைக்குப் பக்கத்தில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் கலவை அதைக் குடித்துவிடும், காயும்போது அந்த அளவுக்குச் சுருங்கும். புது வீடுகளில் இது கரையானைவிட அதிகம், ஓதத்தைவிடக் குறைவு என்று பரிசோதகர் விளக்கினாள். செங்கல் சரியாக நனையாத அன்றைக்கும், கம்பி ஒரு சைஸ் குறைந்து வந்த அன்றைக்கும் மாமா சொன்னதுதான் அந்த வார்த்தை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் நெல் அகலம்தான் தின்றிருந்தது. சமையலறையில்தான் விரற்கடை விரற்கடையாகப் போயிருந்தது. பரிசோதகர் அங்கே சுவரில் காதை வைத்துக் கேட்டாள்.

“இது பொம்பளக் குரல். மனசாரச் சொன்னா இவ்வளவு எடுக்காது. பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னதுதான் இப்படித் தின்னும்.”

வீட்டுக்காரிக்கு ஒவ்வொன்றும் நினைவிருந்தது. சமையல் மேடையை மாமியாரின் உயரத்துக்கு ஏற்றபடி போட்டபோது சொன்னாள். படிக்க என்று அவள் கேட்டு வாங்கிய சின்ன அறைக்குள் தண்ணீர் மோட்டார் வந்து உட்கார்ந்தபோது, அடுப்படியில் நின்றபடி சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அப்போதெல்லாம் பக்கத்தில் ஈரக் கலவை இல்லாததால், சுருங்கியது எது என்பதுதான் இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்தது.

அதன்பின் வேலை ஒழுங்காக நடந்தது. கொத்தனார்கள் அந்த வார்த்தை வாயில் வந்தால் தெருமுனைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். தெருமுனையில் இருந்த தையல் கடை லேசாகக் குறுகியது. தையல்காரர் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மேல்தளம் கான்கிரீட் போடும் அன்று பரிசோதகர் முட்டிபோட்டுப் பார்த்தாள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவே வைக்கவேண்டிய கட்டைகள் பாதி இடத்தில் இல்லை. கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது. இப்படியே போட்டால் கம்பி துருப்பிடித்து, படுத்திருப்பவர் மேல் கூரை உதிரும் என்றாள். கலவை லாரி வாசலில் வயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் தூக்கி வைத்துக் கட்ட சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் கலவை இறுகிவிடும்.

“நான் பார்த்ததைச் சொல்லிட்டேன். போடலாமா வேணாமான்னு வீட்டுக்காரம்மா சொல்லட்டும்” என்று பரிசோதகர் ஒதுங்கி நின்றாள்.

மாமா குரலை இறக்கினார். “ஒரே ஒரு தடவை சொல்லும்மா. கூரைதானே, கொஞ்சம் சுருங்கினா வானத்துக்கா நஷ்டம்?”

“சொல்லிடேன், பாவம் மாமா” என்றான் கணவன்.

வார்த்தை பழக்கப்பட்ட மாடுபோல நாக்கின் நுனிவரை தானாக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

“இல்ல மாமா,” என்றாள் மெதுவாக. “பரவா இருக்கு. லாரிய அனுப்பிடுங்க.”