தலைமாட்டுக் கயிறு

காலைக் கஞ்சியில் மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு டோர்கில் சொன்னார்: "இன்னைக்கு டவுனுக்குப் போறோம் மர்டி. கடைகண்ணிக்குப் போயிட்டு, அப்படியே வடக்கே லைட் ஹவுஸையும் பாத்துட்டு வரலாம்."

மர்டினா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அறுபத்தொன்பது வருஷமாக இதே தீவில் கிடக்கிற மனுஷனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை திடீரென்று வந்தால் அதற்கு லைட் ஹவுஸ் காரணமாக இருக்காது. அந்தச் சாலையின் கடைசி வீடு ஃபின்லேயுடையது. ஃபின்லே அவருடைய ஒரே தம்பி. அந்த வாசலை இவர்கள் மிதித்து எட்டு வருஷம் ஆகிறது.

"காத்து இந்தப் பேயாட்டம் ஆடுது. நாளைக்குப் போனா என்ன?"

"காத்து என்னைக்கு ஆடல? எனக்கு நாளைக்குன்னு எத்தனை இருக்குன்னு நினைச்சிட்டிருக்க?"

அவள் துடைத்த துணியைப் போட்டுவிட்டுக் கோட்டை எடுத்தாள். புது வருஷத்தைப் பார்த்தாலே பெரிது என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இப்போது அக்டோபர்.

சாவைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இல்லை. கயிற்றைப் பற்றித்தான் பயம். இங்கே பெட்டியைக் குழிக்குள் இறக்குவது எட்டுக் கயிறு, எட்டுப் பேர். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்டுச் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்றாம் எண் தலைமாடு, இரண்டாம் எண் கால்மாடு. தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. மகன் இல்லாதவனுக்குத் தம்பி. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி இருந்தும் தலைமாட்டை அடுத்தவன் பிடித்தான் என்றால், அந்தப் பேச்சு கல்லறைக் கல்லைவிட அதிக நாள் நிற்கும். பெண்கள் கயிற்றைத் தொடுவதில்லை. பெட்டி சாலை திரும்புகிற வரை நின்று பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்குத் தேநீர் போட வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

டவுனில் துணிக்கடை ஹெக்டர் டையை எடுத்துக் காட்டுவதற்கு முன்னாலேயே கேட்டான். "யாரு போயிட்டாங்க?" கறுப்பு டை என்றால் இங்கே விலைக்கு முன் அந்தக் கேள்விதான் வரும்.

"இன்னும் யாரும் போகல. நல்ல கனமான டையாப் பாத்துக் குடு. மலிவு டை காத்துல பறந்து மூஞ்சியில அடிக்கும்."

"உங்களுக்குங்களா?"

"எனக்கு எதுக்குடா? நான் படுத்துல்ல கிடப்பேன்."

ஹெக்டர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் டையை மடித்துக்கொண்டே நின்றான். வெளியே வந்ததும் மர்டினா பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமா? சாயங்காலத்துக்குள்ள தீவு பூராவும் பாத்திரத்தத் தூக்கிட்டு வந்து நிக்கும், பாரு."

"வரட்டும். ஒரு வேளை நீ சமைக்க வேண்டாம்."

இந்த வாயை மட்டும் நோய் தொடவில்லை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. காற்றில் கண்ணீர் வருவது வழக்கம்தான் என்பதால் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று கசாப்புக் கடையில் ரத்தமும் ஓட்ஸும் திணித்த கறுப்புக் குடல் ஒரு முழம் வாங்கினாள். காரை நான்தான் ஓட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டி அடுக்கின மேட்டுநிலத்துச் சாலையில் கார் ஊர்ந்தது. பள்ளிக்கூட வேன் கூட முந்திக்கொண்டு போனது. தம்பி வீட்டைத் தாண்டும்போது அவர் பக்கவாட்டில் திரும்பவே இல்லை. நேராக லைட் ஹவுஸுக்கு விட்டார்.

"முதல்ல இதப் பாத்துடலாம்" என்றார்.

"ஆமாமா, நாம வர்ற வரைக்கும் இது ஓடிப் போயிடும் பாரு."

செங்கல் கோபுரம் அப்படியேதான் இருந்தது. கீழே பாறையில் மோதிய அலை நுரை நுரையாய் மேலே பறந்து வந்து கார்க் கண்ணாடியில் ஒட்டியது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சுற்றுலா ஜோடி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து, படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். டோர்கில் இறங்கி எடுத்துக் கொடுத்தார். படத்தில் கோபுரம் பாதிதான் விழுந்தது.

"நீங்களும் லீவுல வந்திருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமாம்மா. லீவு முடியப் போகுது."

அந்தப் பெண் வருத்தப்பட்டாள். "ஐயோ பாவம், இன்னும் நாலு நாள் இருந்திருக்கலாமே!"

"கேட்டுப் பாத்தேன், குடுக்கல" என்றார் டோர்கில்.

மர்டினா அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குள் ஏற்றினாள். "பாத்தாச்சு. இப்பவாவது அங்க போ" என்றாள்.

ஃபின்லே வீட்டு முன்னால் அவர் காரை நிறுத்தின விதத்தைப் பார்த்ததுமே தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திறக்கிற கதவைக் காற்று பிய்த்துவிடும். நடக்கப் பழகுமுன் இங்கே பிள்ளைகள் கற்கிற பாடம் அது. இவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருந்தார். சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஃபின்லே கதவைத் திறந்தான். அண்ணனின் கழுத்தை, தொளதொளத்த சட்டைக் காலரை, ஒரு தரம் பார்த்தான். சேதி அவனுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"உள்ள வாங்க. கூகா வெந்துட்டிருக்கு."

வீடெல்லாம் அந்த வாடை. பாறைத்தீவில் பிடித்து உப்பில் அடுக்கின கடற்பறவைக் குஞ்சு. டோர்கிலுக்கு உயிர். ஃபின்லே மூன்று தட்டு வைத்து, உருளைக்கிழங்கோடு பரிமாறி, ஜெபம் சொன்னான். கஞ்சி இறங்காத மனுஷன் பாதித் துண்டு தின்றதை மர்டினா கண் கொட்டாமல் பார்த்தாள். பேச்சு ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் நடந்தது. தட்டுகளை எடுத்த பிறகு டோர்கில் டையை மேசையில் வைத்தார்.

"உனக்குத்தான் வாங்கினேன். தலைமாடு உன்னோடது, ஃபின்லே. நீ பிடிக்கணும்."

ஃபின்லே டையைத் தொடவில்லை.

"எஃபி போனப்ப உனக்குக் கால்மாட்டுச் சீட்டு அனுப்பினேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

மர்டினாவுக்கும் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் சபை இரண்டாக உடைந்தபோது அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போனார்கள். எஃபி அந்தப் பக்கத்துச் சபைக்காரி. ஃபின்லேயின் மனைவி, இவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எட்டு வருஷத்துக்கு முன் அவள் அடக்கத்தன்று, இந்தப் பக்கத்துச் சபை மூப்பரான டோர்கில், 'அந்தப் பாதிரி பின்னால நான் நடக்க மாட்டேன்' என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். அன்று பகல் முழுக்க வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளும் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நீ போகாவிட்டால் நான் போகிறேன் என்று அன்றைக்கு அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"குழிக்கிட்ட நின்னு பேரைக் கூப்பிட்டாங்க" என்றான் ஃபின்லே. "ரெண்டாம் எண், டோர்கில்னு மூணு தரம் கூப்பிட்டாங்க. நான் சாலையையே பாத்துட்டு நிக்கிறேன். கடைசியில பெட்டிக்காரனோட எடுபிடி ஒருத்தன் வந்து பிடிச்சான். அவன் கையில தெம்பு இல்ல, கயிறு வழுக்கிருச்சு. பெட்டி கால் பக்கமா சாஞ்சு போயி குழிச் சுவத்துல முட்டுச்சு. உள்ள அவ சரிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இந்தக் காதால கேட்டேன்."

இதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுடா."

"வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"தப்புதான். உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்னு வச்சுக்கோ."

"மன்னிச்சிட்டேன். இல்லேன்னா சோறு போட்டிருப்பேனா?" என்றான் ஃபின்லே. "ஆனா கயிறு மட்டும் முடியாது. வீம்புக்குச் சொல்லல. அதைத் தொட்டா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும். நானும் வழுக்க விட்டுருவேன், டோர்கில். உன்னை அப்படி இறக்க மாட்டேன்."

டோர்கில் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டை அங்கேயே கிடந்தது. கறுப்புக் குடல் பொட்டலத்தை மர்டினா அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஃபின்லேயின் தோளை ஒரு தரம் தொட்டாள். அவன் நிமிரவில்லை.

வெளியே காற்று கூடியிருந்தது. சாவியை அவள் வாங்கிக்கொண்டாள். அவரை ஏற்றுவதற்காகக் கார்க் கதவைத் திறந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து வந்த காற்று கதவைப் பறித்தது. கீல் கிரீச்சிட்டது. மர்டினா இரண்டு கையாலும் கதவின் விளிம்பைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விரலில் தகடு அறுத்தது. விடவில்லை.

"ஏறு!" என்று கத்தினாள். "பாத்துட்டு நிக்காத, ஏறு!"

அவர் ஒரு காலை வைத்து, கையை வைத்து, இன்னொரு காலை வைத்து ஏறி முடிப்பதற்குள் ஒரு யுகம் ஆனது. வாசலில் ஃபின்லே ஓடி வர ஓரடி எடுத்து வைத்தவன், அவள் பிடித்திருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றான். கதவை இஞ்ச் இஞ்சாகக் கொண்டுவந்து சாத்தினாள். மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்தபோது அவள் உள்ளங்கையில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"கயித்துக்கு நீ பேரு எழுதி வச்ச பேப்பரு எங்க?" என்று கேட்டாள்.

அவர் கோட்டின் உள்பையிலிருந்து எடுத்தார். எட்டு எண்கள், எட்டுப் பேர்கள். முதலில் ஃபின்லே.

"அதை அடிச்சிட்டு என் பேரை எழுது."

"பொம்பளைங்க பிடிக்கிறதில்ல மர்டி. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றதக் கேட்டுத்தானே அன்னைக்கு வேலி அடிச்ச? நானும் வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்தேன். எழுது."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். பேனா முதலில் எழுதவில்லை. முழங்காலில் பேப்பரை வைத்து இரண்டாம் தரம் அழுத்தி எழுதினார். எழுதி முடித்துப் பேப்பரை மடித்தார்.

"இறக்குறது ஒண்ணும் பெரிசில்ல" என்றார் பிறகு. "நீ தாங்கிருவ. ஆனா பெட்டி அடியில உக்காந்ததும் பெட்டிக்காரன் தலையாட்டுவான். அப்ப எட்டுப் பேரும் ஒண்ணா கயித்த உள்ள போட்டுடணும். விட்டுடணும். அது முடியுமா உன்னால?"

மர்டினா வண்டியைக் கிளப்பினாள். காற்று பின்னாலிருந்து தள்ளியது.

"தெரியல" என்றாள்.