நாற்பத்திரண்டு கையெழுத்து

எங்கள் ஔந்த் ஃப்ளாட் சொசைட்டியில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் பலகை ஒன்று உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி செக்ரெட்டரி ஸ்வாமிநாதன் இடுப்பில். ராணுவக் கணக்கு ஆபீசில் முப்பது வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ரிட்டயர் ஆனவர், இங்கே வந்தும் குத்துவதை நிறுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினால் நோட்டீஸ், லிஃப்டுக்கு எண்ணெய் போட்டால் நோட்டீஸ். அதன் நகலை வாட்ச்மேன் வீடு வீடாகக் கொண்டுவருவான். 'பார்த்தேன்' என்று நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். குக்கர் விசிலுக்கு நடுவே நானும் எத்தனையோ போட்டிருக்கிறேன். எவள் வாசித்தாள்?

2004-இல் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் கட்டடமே கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசல்களுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் P என்று எழுதி, ஒரு எண், தேதி, அம்புக்குறி. "கொள்ளைக் கூட்டத்தின் ரகசியக் குறி. உள்ளாள் உதவி உண்டு. வேலைக்காரர்களிடமிருந்து சாவிகளை உடனே வாங்கவும்" என்று காலையிலேயே நோட்டீஸ் ஏறியிருந்தது. அதன் கீழே இரண்டு ஸ்டாம்ப்.

அவ்வளவுதான், படித்த ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நட்டநடு மத்தியானத்தில் யாரோ கதவைச் சுரண்டியதைத் தன் காதால் கேட்டதாக மூன்றாம் மாடி தேஜஸ்வினி சத்தியம் செய்தாள். மத்தியானம் அவள் விமான் நகர் ஆபீசில் அல்லவா இருந்தாள்! மறுநாள் காலை ஒருத்தர் மிளகாய்ப்பொடியோடு லிஃப்டில் ஏறிப் பால்காரர் கண்ணில் வீசிவிட்டார். பாவம், அந்த மனுஷன் துடித்துப்போனார். பிள்ளைகளை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

உள்ளாள் வேதநாயகியாம். ஆறு வீட்டில் வேலை செய்கிறவள், என் மகள் ஸ்ரீலக்ஷ்மியைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்கிறவள். திங்கட்கிழமை அவள் யாரோ ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக வீடு காட்டியதை வாட்ச்மேன் பார்த்தானாம். புதன்கிழமை காலை அவளைப் போலீஸ் சௌக்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்வாமிநாதன் வீட்டுக்கு ஓடினேன்.

"சார், அது போலியோ சொட்டு மருந்து குடுக்க வந்தவங்க போட்ட குறி. நாமெல்லாம் வேலைக்குப் போயிட்டோம், நமக்குத் தெரியல. இதோ பாருங்க, இவ விரல்ல மை. எந்த வீட்டுல குழந்தை இருக்குன்னு வேதநாயகி காட்டியிருக்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன். அவதான் வீடு வீடாக் காட்டியிருக்கா."

"சொட்டு மருந்துக்குக் காட்டினா சார்!"

"நோட்டீஸ் போட்டாச்சும்மா. ஸ்டாம்ப் குத்தியாச்சு. எடுக்கணும்னா கமிட்டி கூடணும்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனிதருக்கு அவள்மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து மாடிப்படியைக் கழுவச் சொன்னார். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணும் சார்" என்றாள். மாதாகோயிலைச் சொன்னாள். "கேட்டைத் தாண்டி நீ எப்படி உள்ளே வரேன்னு பார்க்கறேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் லிஃப்டுக்குக் காத்திருப்பதுபோல நின்றோம்.

நேரே சௌக்கிக்குப் போனேன். வேதநாயகி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி அவளைக் கண்டதும் தாவினாள். நான் ஹவல்தாரிடம் இந்தியும் மராத்தியும் கலந்து சத்தம் போட்டேன். ஒருத்தர் பேச்சை நம்பி ஒன்றும் தெரியாதவளை உட்கார வைப்பீர்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரா?" என்று அவர் மராத்தியில் கேட்டார். "மொத்த பில்டிங்கே கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கே மேடம்." ஃபைலைத் திருப்பி வைத்தார்.

புகாரோடு சேர்த்துப் பின் அடித்திருந்தது 'பார்த்தேன்' தாள். நாற்பத்திரண்டு கையெழுத்து. எல்லாம் ஆங்கிலம், மராத்தி. ஏழாவது வரியில் மட்டும் தமிழில் குண்டு குண்டாக, மங்கையர்க்கரசி. நான் எங்கேயும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது போட்டது.

அப்புறம் சுகாதார ஆபீசுக்குப் போன் போட்டு, அந்தச் சொட்டு மருந்துப் பெண்மணியை வரவழைத்து, அவர் தன் நோட்டைக் காட்டி, வேதநாயகியை அவர்கள் அனுப்பும்போது மணி நான்கு.

வெளியே வந்ததும், "வேதா, நான் வாசிக்காம போட்டுட்டேன்டி. சத்தியமா" என்றேன்.

"நான் வாசிச்சேன்க்கா." அவள் குரலில் கோபமே இல்லை. "காலையிலேயே காட்டுனாங்க. அந்தத் தாள்ல எனக்கு வாசிக்கத் தெரிஞ்சது உங்க பேரு ஒண்ணுதான்."

தோளில் தூங்கிப்போயிருந்த ஸ்ரீலக்ஷ்மியை என்னிடம் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் வீட்டுச் சாவியை எடுத்து, குழந்தையைப் பிடித்திருந்த என் கையில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.