டீச்சரின் தாடையில் ஐந்து நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் தன் தாடையைக் கடைசியாக மழித்தாள். இனி வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் அங்கே பிளேடு படக்கூடாது. சாமணம், நூல், மெழுகு எல்லாவற்றுக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே தடை போட்டாயிற்று. தோல் டாக்டர் அம்மாவின் கண்டிப்பான உத்தரவு அது.

ஐந்து நாள் சவரம் செய்யாமல் இருப்பது ஒரு பெரிய விஷயமா என்று ஆண்கள் கேட்பார்கள். அவர்களுக்கென்ன, கேட்பார்கள்! டீச்சருக்குப் பதினேழு வயதில் ஆரம்பித்த தலைவலி இது, இப்போது வயது முப்பத்தொன்பது. பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒருத்தி இவளை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாள். அந்த வருடம் முழுக்க விடுதிக்கே இவள் அண்ணன்தான். அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, மழித்து, துடைத்து, இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் தவறியதில்லை.

விஷயம் தெரிந்தவன் கணவன் ஒருவன்தான். அவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. “சரி, நானும் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஷேவ் பண்ணல. யாருக்கு முதல்ல வளருதுன்னு பார்த்துடலாம்” என்றான். தலையணை பறந்து வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

“லீவு போட்டுட்டு வீட்டுல இரேம்மா” என்று பிறகு உருப்படியாகவும் ஒன்று சொன்னான்.

“இந்த வாரம் எப்படிங்க போடுறது? வியாழக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வந்து வகுப்புல உட்காருவாங்க. வருஷத்துக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்குக் கேட்டதுக்கே பெரிய டீச்சர் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க.”

வேறு வேலையாக இருந்தால் முகக்கவசம் மாட்டிக்கொண்டு சமாளித்திருப்பாள், துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சளி என்று சொல்லியிருப்பாள். இவள் வேலையோ காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பழக்குவது. அந்தக் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகமே டீச்சரின் முகம்தான். உதடு, பல், நாக்கு, தாடை எல்லாம் தெரிய வேண்டும். அதற்காகவே டீச்சரின் நாற்காலியைப் பெரிய ஜன்னலைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். காலை வெளிச்சம் நேராக முகத்தில் விழும். எட்டுக் குழந்தைகள் எதிரே அரைவட்டமாக உட்கார்ந்து, கண்கொட்டாமல் அந்த முகத்தையே பார்ப்பார்கள். முடியை மறைக்க நினைப்பவளுக்கு இதைவிட மோசமான வேலை உலகத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்!

அப்படியானால் டாக்டரிடம் போகாமலே இருந்திருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அழகு நிலையத்தில் போய்ப் படுத்தாள். படுத்த ஐந்தாவது நிமிடம் லேசர் அடித்துவிட்டார்கள். தாடை வெந்து, ஆறு மாதம் கறுப்புத் திட்டாக நின்றது. முடி போனதா? சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இதைக் கேட்ட டாக்டர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னாவது கேட்டாங்களா?”

“இல்ல டாக்டர்.”

“ஓரமா ஒரு இடத்துல சோதிச்சுப் பார்த்தாங்களா?”

“அதெல்லாம் இல்ல.”

“அதுக்கு முன்னாடி வெயில்ல எங்கேயாவது சுத்தினீங்களா?”

“ஸ்கூல்ல விளையாட்டுப் போட்டி. மூணு நாள் மைதானத்துலதான் நின்னேன். போறதுக்கு முந்தின நாள் கொஞ்சம் பிடுங்கியும் விட்டேன்.”

“பிரமாதம்! வேரையும் பிடுங்கிட்டு, வெந்த தோலோட போய்ப் படுத்திருக்கீங்க. அவங்களும் எதையும் கேட்காம அடிச்சிருக்காங்க.”

டாக்டர் அம்மா எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். காயம் பட்டால் தழும்பு தடித்து நிற்குமா, இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறதா, சர்க்கரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் குடைந்தாள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஹார்மோன் தாறுமாறாகக் கிடந்தது, அதற்கு ஆறு மாதம் மருந்து கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் முடிப் பக்கமே வந்தாள்.

“பாதி முடி நரைச்சிருக்கு. நரைமுடி லேசருக்குக் கண்ணே தெரியாது. உங்களுக்கு ஊசிதான். ஒவ்வொரு முடியா, வேர் வரைக்கும் மெல்லிசா இறக்கி கரண்ட் விடணும். வலிக்கும். ஒரு நாள்ல முடியாது, ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். ஒரே தடவையில எல்லாம் போயிடும்னு யாராவது சொன்னா, அங்கேருந்து எழுந்து வந்துடுங்க.”

காதுக்குக் கீழே மூன்று முடிகளில் மட்டும் சோதித்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னாள். திட்டு விழவில்லை. அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. மூன்று முடி அளவுக்கு நிம்மதி! டீச்சர் அதைப் பேருந்தில், வரிசையில், அடுப்படியில் நின்றுகொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். முழுத் தாடையும் இப்படி ஆகிவிட்டால் காலையில் தாழ்ப்பாள் போடாமலே முகம் கழுவலாம் என்று நினைக்கும்போதே அழுகை வந்தது.

“ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க” என்றாள் டாக்டர் அம்மா. “அன்னிக்கு முடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும். இருந்தாத்தான் ஊசிக்கு வழி தெரியும். மழிச்சுட்டு வந்து நின்னா திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் அடுத்த நேரம் நாலு மாசம் கழிச்சுத்தான்.”

திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கை வைத்தால் சொரசொரத்தது. பவுடர் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு முடியும் பவுடரைத் தலையில் தாங்கிக்கொண்டு எழுந்து நின்றது. கழுவித் தொலைத்தாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்து விட்டாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று எழுந்து போய் அதை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, வெளிச்சம் இல்லாவிட்டால் திரையைத் திற என்று பழக்கியவளே இவள்தானே.

உண்மையான பயம் மிளகாயைப் பற்றியது. ஆறு வயதுப் பெண். உருவம் சின்னது, காரம் பெரியது, அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பெயர். கையால் பேச ஆரம்பித்தாளென்றால் அடுத்த அறையில் சைகை சொல்லிக் கொடுக்கும் டீச்சருக்கே மூச்சு வாங்கும். ஆனால் வாயால் ஒரு சொல்? ஊஹூம். இரண்டு வருடமாகிறது. சத்தம் போடுவாள், கத்துவாள், கூரை பறக்கும். சொல் மட்டும் வராது. தலைகீழாக நின்றும் பார்த்தாயிற்று.

இந்த வகுப்பில் பேச்சைக் கண்ணால் மட்டும் படிப்பதில்லை, கையாலும் படிப்பார்கள். டீச்சர் குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தாடையோடு சேர்த்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு பேசுவாள். தாடை இறங்குவதும், குரல் அதிர்வதும், ‘ப’ வரும்போது உதடு மூடித் திறப்பதும் கைக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து டீச்சர் அந்தக் கையைக் கீழே இறக்கி நெஞ்செலும்பில் வைத்துக்கொண்டாள். அங்கேயும் அதிரும்தான், பாதகமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை பெரிய டீச்சர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது, “கையை ஏன் கீழே வைக்கிறீங்க? நாளைக்கு எப்பவும் போல தாடையில வச்சே காட்டுங்க. பெத்தவங்க வீட்டுல அதைத்தானே பழக்கணும்” என்றாள்.

“சரிங்க மேடம்” என்று வாய் சொன்னது.

வியாழக்கிழமை காலை ஆசிரியைகள் கழிப்பறையின் கண்ணாடி முன்னால் டீச்சர் நின்றாள். தாடையில் கறுப்பும் வெள்ளையுமாக இருநூறு முடிக்குக் குறையாது. கைப்பையில் எப்போதும் இருக்கும் ரேசர் இப்போது கையில் இருந்தது. வராந்தாவில் பெற்றோர்கள் செருப்புச் சத்தத்தோடு வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் போதும். இரண்டு இழுப்பு. பிறகு நாலு மாதம்தானே, இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்கு நாலு மாதம் ஒரு கணக்கா? ரேசரைத் தோலில் வைத்துவிட்டாள். வைத்த கை நகரவில்லை. நாலு மாதம் கழித்து வேறு ஐந்து நாள் வருமே, அப்போதும் இதே கண்ணாடி முன்னால்தானே நிற்கப் போகிறேன் என்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம்? தன் மேல்தான். அந்தப் பள்ளியில் மணி அடிப்பதில்லை, சுவரில் சிவப்பு விளக்கு மின்னும். மின்னியது. ரேசரைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தாள்.

பெற்றோர்கள் பதினைந்து பேர் குழந்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மிளகாயின் அம்மா மட்டும் தனியாக வந்திருந்தாள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பெரிய டீச்சர் சுவரோரம் நின்றாள். திரையை யாரோ முன்பே திறந்து வைத்திருந்தார்கள். மழை பெய்யக் கூடாதா, மேகமாவது மூடக் கூடாதா! பளீரென்று வெயில்.

முதல் குழந்தை வந்தது. டீச்சர் மூன்று நாள் பழக்கத்தில் அதன் கையை நெஞ்செலும்பில் வைத்தாள். பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினாள். இரண்டாவதாக மிளகாய் வந்து நின்றாள்.

“தாடையில, டீச்சர்” என்றாள் பெரிய டீச்சர்.

வேறு வழியில்லை. டீச்சர் அந்தச் சின்னக் கையை எடுத்துத் தாடையில் வைத்தாள்.

மிளகாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். போச்சு! இப்போது அம்மா பக்கம் திரும்பி, விரலால் மீசை வரைந்து காட்டப் போகிறாள், அது எல்லோருக்கும் புரிகிற சைகை. டீச்சருக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

மிளகாய் திரும்பவில்லை. இன்னும் ஒட்டி வந்து நின்று, இரண்டு கைகளையும் டீச்சரின் தாடையில் வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. உதடுகள் மூடின, திறந்தன.

“அப்பா” என்றாள்.

கரகரவென்று, பாதி மூக்கில் வந்த குரல். ஆனால் அப்பாதான், சந்தேகமில்லை. பின்வரிசையில் ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். டீச்சருக்கு உடம்பு கூசிப் போனது. பதினைந்து பேர் முன்னால், வெட்ட வெளிச்சத்தில், ஒரு குழந்தை தன்னை ஆம்பளை என்று சொல்லிவிட்டது. செத்துப் போகலாம் என்றிருந்தது. அடுத்த மூச்சில்தான் உறைத்தது. அடியே, பேசிவிட்டாளே! இரண்டு வருடம் கழித்துப் பேசிவிட்டாளே!

நாற்காலி தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. மிளகாயின் அம்மா குழந்தைகளைத் தாண்டிக்கொண்டு வந்து டீச்சரின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு லாரி ஓட்டுறாரு டீச்சர். பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவாரு. வந்ததும் குளிக்கக்கூட விடமாட்டா. மடியில ஏறி உட்கார்ந்து, தாடியைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பா. அவரு ‘அப்பா சொல்லு, அப்பா சொல்லு’ன்னு...” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்குப் போன் போடுறேன் டீச்சர். இன்னொரு தடவை சொல்ல வைங்க. நாளைக்கும் வர்றேன், தினமும் வர்றேன்.”

அறையில் எல்லோரும் இப்போது தாடையைத்தான் பார்த்தார்கள். சிரித்தவனும் பார்த்தான். குழந்தைகளும் பார்த்தன. கையை மெதுவாக நெஞ்செலும்புக்கு இறக்கிவிடலாம், யாரும் தப்புச் சொல்லப் போவதில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடம் நடத்தும் அதே குரலில், உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னாள்.

“நாளைக்கு நான் லீவு. தாடையில இருக்கிற இந்த முடியை எடுக்க டாக்டர்கிட்ட போறேன். அதனால எத்தனை தடவை வேணுமோ இன்னிக்கே சொல்லட்டும்.”

எட்டுக் குழந்தைகளும் அதை உதட்டிலிருந்து அப்படியே படித்துக்கொண்டன. மிளகாயின் அம்மா எண்ணை அழுத்தி, குரல் வெளியே கேட்கும்படி போனை நீட்டினாள்.

“என்னம்மா இந்த நேரத்துல? வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்றது ஒரு ஆண்குரல். பின்னால் எஞ்சின் உறுமியது.

டீச்சர் மிளகாயின் இரண்டு கைகளையும் எடுத்துத் தானே தன் தாடையில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா.”

“யாரு? யாரு அது பேசுறது?”

மிளகாய் தேய்த்தாள், சிரித்தாள், மறுபடியும் சொன்னாள். போனுக்குள் பிரேக் கிறீச்சிட்டது, எஞ்சின் அணைந்தது.

“இன்னொரு தடவை” என்றது அந்தக் குரல்.

டீச்சர் தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.