நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

பிரசவம் முடிந்து வியர்வைகூட அடங்கவில்லை, அதற்குள் அறைக்கதவுக்கு வெளியே ஆண்கள் கூட்டம். ஷ்ராப்ஷயர்க் கோட்டையின் சீமாட்டி இடோனியாவுக்கு வயிறு எரிந்தது. கணவன் ஹேமோ பிரபு பெற்றவளை எட்டிப் பார்க்கவில்லை, சாட்சிகளைக் கூட்டி வந்திருந்தான். பக்கத்துக் கோட்டை வாரின், பாதிரியார், மாவு ஆலைக்காரன் மூவரும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நல்ல மனிதர்கள்!

"எதுக்கு இந்தக் கூத்து?" என்று மருத்துவச்சி மேரியட்டிடம் கேட்டாள்.

"சட்டம் தாயி. குழந்தை நாலு சுவத்துக்குள்ள அழுதது ஆம்பளைங்க காதுல விழணுமாம். விழுந்துட்டா, நாளைக்கே நீங்க கண்ணை மூடினாலும் உங்கப்பா குடுத்த நிலமெல்லாம் ஐயாவுக்கு ஆயுசுக்கும் நிக்கும். விழலைன்னா, நீங்க போன அன்னைக்கே அவரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"உள்ள வந்து பார்த்தா தெரியாதா?"

"பார்த்தா செல்லாதாம். கேட்டாத்தானாம். அதுவும் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள."

இடோனியா மகளைப் பார்த்தாள். முதுகில் தட்டியதற்கு ஒரு கொட்டாவி விட்டதோடு சரி, குழந்தை இன்னும் அழவே இல்லை. அழாமலே இருக்கட்டும். போன குளிர்காலத்தில் தான் காய்ச்சலில் கிடந்தபோது, தன் வேட்டை வல்லூறுக்குச் சளி என்று வைத்தியரை அதனிடம் அனுப்பியவன் ஹேமோ. நிலமும் உறுதியாகிவிட்டால் தன்னை யார் சீந்துவார்கள்?

வெளியே வாரின் பொறுமையிழந்தார். "என்னய்யா, உம்ம பிள்ளை ஊமையா?"

"வாயை மூடும்! டேய், கொம்பை ஊதுங்கடா!"

வேட்டைக் கொம்பு முழங்கியது. ஓர் அலறல் கேட்டது.

"குழந்தைதானே?" என்றான் ஹேமோ ஆசையாக.

"நான்தாங்க, பயந்துட்டேன்" என்றான் ஆலைக்காரன்.

கொஞ்ச நேரத்தில் "ங்கா... ங்கா..." என்று சன்னமாகக் கேட்டது.

"பிரபு," என்றார் பாதிரியார் அலுப்போடு, "அது வெளியிலேருந்து வருது. அதுவும் உங்க வாயிலேருந்து."

பொழுது இறங்கும் நேரம் பார்த்துக் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. இடோனியா சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் ராசாத்தி, கொஞ்சம் பொறுத்துக்கடி. அம்மா உசுரு உன் வாயிலதான் இருக்கு."

குழந்தை பால் குடித்தது. பொழுது சாய்ந்து கோவில் மணி அடித்தது. சாட்சிகள் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

ஹேமோ கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஒரு பச்சைக் குழந்தையை அழ வைக்க உனக்குத் துப்பில்லையா?"

இடோனியா லேசாக இருமினாள்.

அவன் முகம் வெளுத்தது. "என்ன அது?"

"ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் குளிருது."

ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். தன் கம்பளி மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். கணப்படுப்பில் தானே விறகைத் திணித்தான். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து, பாதங்களைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"